இரண்டாவது புளொக்கில் எண்பது இலட்சம்

அந்தப் படிவத்தில் பத்துக் கேள்விகள்தான் இருந்தன. அரை மணித்தியால வேலை என்று அண்ணன் சொன்னார். அண்ணன் சொன்னால் எனக்கு அது அரை மணித்தியால வேலைதான். என் பெரிய மடத்தனங்கள் எல்லாம் இப்படி அரை மணித்தியால வேலையாகத்தான் தொடங்கியிருக்கின்றன.

படிவம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஒரு நாணயம் செய்திருந்தார். கையில் பிடிக்கிற நாணயம் இல்லை. கணினிகளுக்குள் மட்டும் புழங்குகிற, இப்போது உலகத்தில் ஆளுக்கொன்று செய்துகொண்டிருக்கிற கிரிப்டோ நாணயம். கட்டாரில் நிற்கிற எங்கள் ஊர் ஆட்கள் வீட்டுக்குக் காசு அனுப்பும்போது நடுவில் ஒருவனும் கொமிஷன் எடுக்கக் கூடாது, மட்டக்களப்புக்கென்றே ஒன்று வேண்டும் என்று சொல்லித் தொடங்கினார். வெளிநாட்டுத் தளமொன்று அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டால்தான் வைத்திருப்பவர்கள் அதை விற்றுக் காசாக்கலாம். அந்தத் தளம் அனுப்பிய படிவம்தான் அது. நாணயத்தின் தொழில்நுட்ப விபரங்கள் அத்தனையும் கேட்டிருந்தார்கள்.

நான் களுவாஞ்சிக்குடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறேன். நிரல் எழுதிப் பிழைக்கிறவள் இல்லை, ஆனால் எழுதியதை வாசிக்கத் தெரியும். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கு மன்னிப்பே இல்லை. வாசிக்கத் தெரியாதவள் ஏமாந்தால் பாவம் என்பார்கள். தெரிந்தும் வாசிக்காதவளை என்னவென்று சொல்வது?

அதற்குக் காரணம் என் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தமிழர், முஸ்லிம்கள் என்று இதில் வித்தியாசம் கிடையாது. பெண் பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண் பிள்ளை தாய் வீட்டில் பிறந்து, மனைவி வீட்டில் போய் இருப்பான். நான் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். ஆகவே ஆரையம்பதியில் நான் இருக்கிற வீட்டைக் கட்டியது அண்ணன். கட்டாரில் கணினி திருத்துகிற கடையொன்றில் பதினொரு வருடம் நின்று, அத்திவாரத்துக்கு அனுப்பினார், சுவருக்கு அனுப்பினார், கூரைக்கு அனுப்பினார். அம்மா வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயரில் எழுதினார். எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் அண்ணன் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். இப்போது பனிச்சங்கேணியில், மச்சாளின் வீட்டில் இருக்கிறார். இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் தியாகம் என்று சொல்வதில்லை. அண்ணன் என்றால் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு கையில் வாவி இறால் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ். இறாலை என்னிடம் தந்துவிட்டு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, பனிச்சங்கேணியில சிக்னல் இழுக்குதில்ல. நாணயத்திட கோட் முழுக்க இதுக்குள்ள இரிக்கு. நீயே ஏத்திவிடு. எல்லாரும் பாக்கிற மாதிரி வெளியில கிடக்கணும், அப்பதான் நம்புவாங்க."

அவர் சொன்னது சரிதான். இந்த நாணயங்களின் மூலநிரலைப் பொதுத் தளமொன்றில் திறந்து வைப்பார்கள். யாரும் போய் வாசிக்கலாம். யார், எந்த நாள், எந்த வரியைச் சேர்த்தார்கள் என்பதையும் அந்தத் தளம் பதிந்து வைத்துக்கொள்ளும். எனக்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது, என் சொந்தப் பெயரில்.

பென்டிரைவைச் செருகினேன். நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒன்றைத் திறந்து பார்ப்போமா என்று கை போனது. அண்ணன் பின்னால் நின்று விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவர் வாங்கித் தந்த விசிறி. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. என் தலைக்கு மேலே கூரை போட்டுத் தந்த மனிதன் பக்கத்திலேயே நிற்க, அவர் கொண்டுவந்ததைக் கிண்டிப் பார்ப்பதா? வேறு யாரும் தந்திருந்தால் பார்த்திருப்பேன். என் மாணவர்கள் தருகிற பயிற்சியையே நான் வரி வரியாகப் பார்க்கிறவள். அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்கி ஏற்றிவிட்டு இறால் உடைக்கப் போனேன். அண்ணன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதோடு விட்டிருந்தால் என் பாடு மட்டும்தான். ராத்தாவையும் இழுத்துவிட்டேன்.

ராத்தா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அக்கா. இவர் காத்தான்குடிக்காரி. நான் வேலை செய்கிற அதே நிலையத்தில் தையல் படிப்பிக்கிறார். என்னை விட எட்டு வயது மூப்பு. காலையில் காத்தான்குடியில் பஸ் ஏறி, அடுத்த ஊரான ஆரையம்பதியில் நான் ஏறும்வரைக்கும் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக் காவல் காப்பார். அந்த இடத்துக்காக எத்தனையோ பேருடன் வாய்த் தர்க்கம் பட்டிருக்கிறார். அவருக்கு ஒரேயொரு மகள், ஒன்பது வயது. மகளுக்கென்று கட்டுகிற வீடு சுவர் மட்டத்தில் நின்றது. மேலே கொங்கிரீட் போடச் சேர்த்த காசு கையில் இருந்தது. ஆனால் சீமெந்தின் விலை அவர் சேர்க்கிற வேகத்தை விட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வைத்திருக்க வைத்திருக்கக் காசு தேய்கிறதே என்று பஸ்ஸில் தினமும் ஒரே புலம்பல்.

அண்ணனின் நாணயத்தைப் பற்றி நான்தான் சொன்னேன். அண்ணன் எழுதித் தந்த விளக்கத் தாளைத் தமிழில் திருத்தி எழுதியதும் நான்தான். 'ஒருவருக்கும் முன்கூட்டியே ஒதுக்கீடு கிடையாது. எல்லோரும் ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறோம்.' அந்த வசனத்தை எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

ராத்தா தாளை இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பஸ்ஸில் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் விளங்காது புள்ள. அந்தக் கோட் எண்டு சொல்றியே, அத நீ வாசிச்சுப் பாத்தயா?"

"ஓம் ராத்தா. வாசிச்சுப் பாத்தன்."

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நான் ஏற்றியது, அண்ணன் செய்தது, பிறகென்ன என்று வாயில் வந்தது. ராத்தா அடுத்த கிழமை கொங்கிரீட் காசு முழுவதையும் அண்ணனிடம் கொடுத்தார். கட்டாரில் அண்ணனின் கூட்டாளிகள் மெசின் ஓட்டி எடுத்த நாணயம் என்று சொல்லி, அண்ணன் அதை ராத்தாவின் போனுக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு படிவம் வந்தது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலையில், வீட்டுக்காரர் சந்தைக்குப் போன கையோடு உட்கார்ந்தேன். விளக்கத் தாளில் இருந்த விபரங்கள் பாதிக் கேள்விகளுக்குக்கூடப் போதவில்லை. மிச்சத்தை மூலநிரலில்தான் தேட வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு புளொக்குக்கும் அடுத்த புளொக்குக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தார்கள். புளொக் என்றால் கொடுக்கல் வாங்கல்களைக் கட்டி வைக்கிற ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் கட்டி முடிக்கிற கணினிக்குப் புது நாணயம் கூலியாகக் கிடைக்கும். இரண்டு பெருக்கல் அறுபது என்று ஒரு கோப்பில் இருந்தது. நூற்றிருபது விநாடி. எழுதினேன். கணினிகள் ஒன்றோடொன்று பேசுகிற போர்ட் இலக்கம் அதே கோப்பில், கொஞ்சம் கீழே. நாணயம் போய்ச் சேருகிற முகவரி எந்த எழுத்தில் தொடங்கும் என்ற கேள்விக்கு எழுத்து எங்குமே இல்லை, ஓர் எண்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து வரும் என்று ஓர் அட்டவணையைத் தேடிப் பிடித்தேன். ஆங்கில எம் எழுத்து. மட்டக்களப்புக்காக வைத்திருக்கிறார் என்று மனம் குளிர்ந்தது.

முதல் புளொக்கில் ஒரு வாசகம் எழுதி வைக்கலாம். செய்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அதில் போடுவார்கள். அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அம்மா செத்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். அன்றைக்கு நான் அழுதேன். அந்த இடத்தைத் தேடிப் போனால், எந்த நாட்டிலோ வந்த ஒரு பழைய பத்திரிகைத் தலைப்பு இருந்தது. அண்ணன் எந்த நாணயத்தின் நிரலை நகலெடுத்தாரோ அதில் இருந்ததை அப்படியே விட்டிருந்தார்.

சுருக்கென்றது. ஆனாலும் நானே அவருக்காகச் சமாதானம் தேடினேன். அதை மாற்றினால் முதல் புளொக்கைத் திரும்பக் கணித்தெடுக்க வேண்டும், மினக்கெட்ட வேலை, விட்டிருப்பார், சொல்ல வெட்கப்பட்டிருப்பார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடர்ந்தேன்.

ஏழாவது கேள்வி, ஒரு புளொக்குக்கு எத்தனை நாணயம். இருபது. எட்டாவது, எத்தனை புளொக்குக்குப் பிறகு அது பாதியாகும். மூன்று இலட்சம். ஒன்பதாவது, மொத்தம் எத்தனை நாணயம். இரண்டு கோடி என்று தாளிலும் இருந்தது, நிரலிலும் இருந்தது. எழுதிவிட்டுப் போயிருக்கலாம். படிப்பிக்கிறவளின் பழக்கம், விடையைப் பெருக்கிப் பார்த்தேன். மூன்று இலட்சம் தரம் இருபது, அறுபது இலட்சம். பிறகு பாதி, பாதியின் பாதி என்று போனால் எல்லாம் கூடி இன்னொரு அறுபது இலட்சம். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேல் வரவே வராது. எண்பது இலட்சம் எங்கே?

நான் பிழையாகப் பெருக்கியிருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தரம் பெருக்கினேன். பிறகு கூலியைக் கணக்கிடுகிற பகுதியைத் திறந்தேன். ஏழெட்டு வரிதான் அது. அதன் நடுவில் ஒரு வரி: புளொக் இரண்டாவது என்றால், இருபதுக்குப் பதிலாக எண்பது இலட்சம் கொடு.

இரண்டாவது புளொக் கட்டப்பட்ட நாளைப் பார்த்தேன். தொடக்க நாளுக்கு நாலு நாள் முந்தி. அப்போது அந்த நாணயத்தை ஓட்டிய கணினி உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது பனிச்சங்கேணியில் இருந்தது. அந்தக் குவியலிலிருந்து வெளியே போனவற்றைப் பின்தொடர்ந்தேன். அதிலொன்று ராத்தாவின் போனுக்குப் போயிருந்தது.

அந்த வரியைச் சேர்த்தது யார் என்று, நான் நிரலை ஏற்றிய தளம் வரிக்குப் பக்கத்திலேயே காட்டும். ஏன் அதை அழுத்தினேன் என்று தெரியாது. தெரிந்த விடையைத்தானே காட்டும். அங்கே என் பெயர் இருந்தது. என் சிரித்த முகப் படத்தோடு.

போனில் கேட்டால் மழுப்புவார் என்று தெரியும். அப்படியே உடுப்பை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாறி, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிப் போய் இறங்க மத்தியானம் திரும்பிவிட்டது. அண்ணன் வாசலில் கதிரை போட்டு யாருடையதோ போனைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் உள்ளே மெசினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ரெண்டாவது புளொக்கில எண்பது லட்சம் ஆருக்குப் போனது?"

அவர் திருகாணி முடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "படிவத்துக்கு அதெல்லாம் என்னத்துக்கு?"

"கேட்டிருக்கானுகள். பத்தாவது கேள்வி. முன்கூட்டி ஆரும் எடுத்திருக்காங்களா எண்டு."

"இல்லண்டு போடு."

"ராத்தாக்கு நீங்க அனுப்பினது அதிலயிருந்துதானே? கட்டார்க் கூட்டாளிமார் எடுத்ததெண்டு சொன்னீங்க."

"நாலு பேரு ரெண்டு மாசம் ஓட்டினானுகள். கரண்டுக் காசுக்குக் கட்டுபடியாகாதெண்டு நிப்பாட்டிட்டானுகள். நான் என்ன செய்ய?"

"அத என்ட பேரில ஏன் ஏத்தினீங்க?"

"நானா ஏத்தின? நீதானே ஏத்தின."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சும்மா, நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். சிக்னல் இல்லை என்பது பொய்யென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கதிரைக்கு முன்னால் முக்காலியில் கிடந்த அவருடைய போனில் வீடியோ ஒன்று தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அழத் தொடங்கினேன். மச்சாளின் மெசின் சத்தம் நின்றது. அண்ணன் எழுந்து என்னை முற்றத்துக்கு, மச்சாளுக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"உனக்கு வீடு இரிக்கு தங்கச்சி. நான் கட்டின வீடு. நான் இஞ்ச ஏழு வருசமா இரிக்கன். ஒரு சுவரில ஆணி அடிக்கிறண்டாலும் கேட்டுத்தான் அடிக்கணும். எனக்கெண்டு ஒண்டு வேணுமெண்டு நினைச்சது பிழையா?"

இந்த ஏழு வருடத்தில் அவருக்கு அப்படியொரு நினைப்பு இருக்கும் என்று நான் யோசித்ததேயில்லை. அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் கேட்டிருக்கலாமே. பாதி வீட்டை எழுதிக் கொடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தாவது கொடுத்திருப்பேன். கேட்காமல், ஒரு வரிக்குள் ஒளித்து, இறால் பையோடு கொண்டுவந்து, என் கையாலேயே அதை ஏற்ற வைத்திருக்கிறார். நான் திறந்து பார்க்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் பார்க்க மாட்டேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டைக் கட்டியதையே அவர் என்மேல் பாவித்துவிட்டார் என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"யோசிச்சுப் பாரு," என்றார், பஸ் வரைக்கும் கூட வந்தபோது. "இல்லண்டு போட்டா பட்டியலில வரும். ராத்தாவும் வித்துக் காச எடுத்திடுவா. ஓமெண்டு போட்டா ஆருக்கும் ஒண்டுமில்ல. உன்ட ராத்தாக்கும் இல்ல."

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பொய்யை எழுதிப் பார்த்தேன். ஒரு சொல்தானே. ராத்தா விற்றுக் காசை எடுத்துவிடுவார், கொங்கிரீட் போடுவார், நான் அவர் பக்கத்திலேயே இருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய் வரலாம். ராத்தாவிடமிருந்து அதை யாரோ ஒருவர் வாங்குவார். எந்த ஊரிலோ இன்னொரு மகளின் சுவர் அப்படியே நிற்கும். அந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுதான் வசதி.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. ராத்தாவும் அன்றைக்கு லீவு என்று தெரியும், காத்தான்குடிக்குப் போனேன். அந்தக் கட்டி முடியாத வீட்டுக்குள் கயிறு கட்டி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒன்றும் இல்லாததால் நல்ல வெயில். என் முகத்தைக் கண்டதும், "என்ன புள்ள, மேலுக்குச் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது இலட்சம், இரண்டாவது புளொக், அண்ணன், பத்தாவது கேள்வி, ஓம் என்று போட்டால் என்ன, இல்லை என்று போட்டால் என்ன. அண்ணனை என்னவெல்லாமோ திட்டினேன். நான் பட்ட துரோகத்தை அவரும் கூட நின்று திட்டுவார் என்று மனதுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன். ராத்தா ஈர உடுப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

"அந்த வரி முதல்லயிருந்தே அங்கதான் இருந்ததா?"

"ஓம்."

"நீ வாசிச்சுப் பாத்தன் எண்டு சொன்ன அண்டைக்கும்?"

"ஓம் ராத்தா."

"அப்ப நீ வாசிக்கல்ல."

"இல்ல."

அவர் அந்த உடுப்பைக் கயிற்றில் போட்டு, நுனியை இழுத்துச் சரிப்படுத்தினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒன்ட அண்ணன நான் ரெண்டு தரம் கண்டிரிக்கன். அவரு ஆரெண்டே எனக்குத் தெரியாது. அவர நம்பி நான் ஒரு சதம் குடுக்கல்ல."

அண்ணன் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன் என்பது, அந்தச் சுவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் வாயால் கேட்கும்வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போகப் போனவர் திரும்பினார்.

"உள்ளத எழுதி அனுப்பு. என்ட காசுக்காக இன்னொருத்திட வயித்தில அடிக்காத. ஆனா புள்ள, இந்தத் தரம் வாசிச்சிட்டு அனுப்பு."

வாசித்தேன். அண்ணன் கைவைத்திருந்த கோப்புகள் ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். ஒன்பது நாள் பிடித்தது. பிறகு பத்தாவது கேள்விக்கு ஓம் என்று எழுதி, எண்பது இலட்சம் என்ற தொகையையும் எழுதி அனுப்பினேன். மற்ற எல்லா வரியும் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் நல்ல வேலைக்காரர், ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. அந்த ஒரு வரிதான். ராத்தா கேட்ட அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தால், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.